கருவிக்குப் பிடி முக்கியம்: மண்வெட்டியும் செல்போன் செயலியும்

மண்வெட்டி, களைக்கொத்து, கருக்கரிவாள் என்று விவசாயிகள் வழிவழியாகக் கையாண்டு வரும் கருவிகளின் வரிசையில் இப்போது செல்போனும் சேர்ந்துவிட்டது. மழை வருமா என்று பார்க்கவும், சந்தை விலையை அறியவும், வீட்டிலிருந்தபடியே பம்புசெட்டை ஓட்டவும், பயிருக்கு எவ்வளவு யூரியா இடுவது என்று கணக்குப் போடவும் செயலிகள் வந்துள்ளன. தமிழக அரசின் உழவன் செயலி 2018-ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ளது. தனியார் நிறுவனங்களும் பல செயலிகளை வெளியிட்டுள்ளன.

இவற்றைப் பற்றி விவசாயிகள் பொதுவாகக் கேட்கும் கேள்வி, "இந்தச் செயலி நல்லதா?" என்பதாகும். அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது கைக்கு அடங்குகிறதா? கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதாக இருந்தாலும் பிடி சரியில்லையெனில் வேலை கெடும். சில சமயம் பயிரும் கெடும். உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. எனவே கைக்கருவியையும் செயலியையும் பிடியை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

பிடி என்பது எது?

எந்தக் கருவிக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை வேலையைத் தொடும். மறுமுனை மனிதனைத் தொடும். மண்வெட்டியின் வாய் மண்ணைத் தொடுகிறது, காம்பு நம் கையைத் தொடுகிறது. செயலியில் திரைதான் காம்பு. அதில் உள்ள எழுத்து, படம், பொத்தான், குரல் ஆகிய எல்லாம் சேர்ந்ததே அதன் பிடி. பொறியாளர்கள் இதனை இடைமுகம் என்பார்கள். நாம் பிடி என்றே வைத்துக்கொள்வோம்.

மண்வெட்டியைக் கொண்டு வரப்பு வெட்டும்போது என்ன நடக்கிறது என்று சற்றுக் கவனியுங்கள். மண்ணில் கல் தட்டுப்பட்டால் கண் காணும் முன்பே கை அறிந்துவிடும். மண் இறுகியிருக்கிறதா, பதமாக இருக்கிறதா, வாய் மழுங்கிவிட்டதா என்பதெல்லாம் காம்பு வழியாகவே தெரியும். அதாவது, வேலை செய்யும் அதே வீச்சிலேயே கருவி நமக்குச் சேதியும் சொல்லிவிடுகிறது. இதற்கென்று யாரும் தனியாக ஏற்பாடு செய்யவில்லை. இரும்பும் மரமும் இயல்பாகவே அதைச் செய்கின்றன.

மென்பொருளில் இது தானாக நடப்பதில்லை. ஐந்து கிலோ என்று அழுத்தினாலும் ஐம்பது கிலோ என்று அழுத்தினாலும் விரலுக்கு ஒரே உணர்வுதான். கனம் தெரியாது, சூடு தெரியாது, சத்தம் வராது. "இது அதிகம், மறுபடி பாருங்கள்" என்று செயலி எச்சரிக்க வேண்டுமானால், அதை எழுதியவர் முன்கூட்டியே நினைத்து அதற்கான வரியைச் சேர்த்திருக்க வேண்டும். அவர் நினைக்காதது எதுவும் நமக்குத் தெரிய வராது. இரண்டு வகைக் கருவிகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவேயாகும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மண்வெட்டிக் காம்பு நீளமாகத் தோன்றினால் ஆசாரியிடம் கொடுத்துக் குறைத்துக்கொள்கிறோம். வாய் சரியில்லையென்றால் கொல்லர் பட்டறையில் தட்டிக்கொள்கிறோம். களிமண்ணுக்கு ஒரு மாதிரி, செம்மண்ணுக்கு ஒரு மாதிரி என்று ஊருக்கு ஊர் மண்வெட்டி வேறுபடுவதற்கு இதுவே காரணம். செயலியை நாம் அவ்வாறு திருத்த முடியாது. மாறாக, நாம் தூங்கும் வேளையில் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, நேற்று இடப்புறம் இருந்த பொத்தானை இன்று வலப்புறம் வைத்துவிடும். இரவில் மூலையில் சாத்திய மண்வெட்டி காலையில் காம்பு மாறி நின்றால் எப்படியிருக்கும் என்று செயலி தயாரிப்போர் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

இரும்பிலும் குறை உண்டு

இதனால் கைக்கருவிகள் எல்லாம் குறையற்றவை என்று கொள்ளலாகாது. திருந்திய நெல் சாகுபடியில் பயன்படும் கோனோவீடரை எடுத்துக்கொள்வோம். கூம்பு வடிவ உருளைகள் இரண்டு, முன்னால் ஒரு மிதவை, நீண்ட கைப்பிடி. 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு செய்த வயலில் இது களையை மண்ணுக்குள் அமுக்கி மண்ணையும் கிளறிவிடும். ஆனால் சுமார் ஆறேழு கிலோ எடையுள்ள இக்கருவியைச் சேற்றில் முன்னும் பின்னும் தள்ளுவது எளிதன்று. ஒரு பயிற்சி முகாமில் இதனை ஓட்டிப் பார்த்த மூதாட்டி ஒருவர், "சார், இது ஆம்பிளைங்க உசரத்துக்குச் செஞ்சதுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நம் வயல்களில் களையெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய தோள் உயரத்தையும் கை வலுவையும் அளந்து பார்க்காமல் செய்த பிடி எவ்வளவு நல்ல உருளையையும் பயனற்றதாக்கிவிடும். கைப்பிடியின் உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கருவிகளே வாங்கத் தக்கவை.

பிடியின் குறையால் உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 ரக விமானங்கள் தரையிறங்கிய பிறகும் விபத்துக்குள்ளாயின. இறக்கை மடிப்புகளைத் தூக்க வேண்டிய விமானி, சக்கரங்களை உள்ளே இழுக்கும் விசையைத் தவறுதலாக இயக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் விழும். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியல் அறிஞர் இதனை ஆராய்ந்தார். இரண்டு விசைகளும் அருகருகே ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம் என்று அவர் கண்டார். சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் இறக்கை போன்ற ஆப்பு வடிவத்தையும் பொருத்தியதும் இந்தத் தவறு நின்றது. குற்றம் விமானியிடம் இல்லை, பிடியில்தான் என்பதை உலகம் அப்போதுதான் உணரத் தொடங்கியது.

அதன் பலனை நாம் டிராக்டரில் காணலாம். உலகத் தர விதிகளின்படி செய்த டிராக்டர்களில் இஞ்சினை நிறுத்தும் பிடி சிவப்பு. வண்டியை நகர்த்தும் கியர் போன்றவை ஆரஞ்சு. ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கான பிடி மஞ்சள். மற்றவை கருப்பு. புதிதாக ஏறியவரும் எது ஆபத்தான பிடி என்று நிறத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். பழைய டிராக்டரில் பிடியின் நிறம் உதிர்ந்து போயிருந்தால் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி அடித்து வைப்பது நல்லது.

இலை வண்ண அட்டையும் செயலியும்

இனி நெல்லுக்கு மேலுரம் இடும் விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கைக்கருவியும் செயலியும் ஒரே வேலைக்குப் போட்டியிடும் இடம் இது.

தழைச்சத்து எப்போது தேவை என்பதைப் பயிரின் பச்சை நிறமே காட்டும். ஜப்பானில் தோன்றிய இந்தக் கருத்தை எடுத்து, 1990-களில் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இலை வண்ண அட்டையாகச் செய்து பரப்பியது. பச்சையத்தின் அளவைக் காட்டும் மீட்டர் ஒன்று அதற்கு முன்பே இருந்தது. அது எண்ணைக் காட்டும், துல்லியமானது, ஆனால் சாதாரண விவசாயி வாங்கும் விலையில் இல்லை. அட்டையோ ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஆறு கட்டங்கள் கொண்டதும் உண்டு, நான்கு கட்டங்கள் கொண்டதும் உண்டு.

நடவு செய்த 14-ஆம் நாள் தொடங்கிப் பூக்கும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள் வயலில் பத்து இடங்களில், மேலே முழுவதும் விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையின் மீது வைத்து நிறத்தை ஒப்பிட வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, நம் உடம்பின் நிழல் அட்டையின் மீது விழுமாறு பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் 4 என்பது எல்லை. பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் மேலுரம் இட வேண்டும். அவ்வாறு இல்லையெனில் அந்த வாரம் யூரியா தேவையில்லை.

இதன் பிடியைப் பாருங்கள். கேள்வியும் பதிலும் ஒரே இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இலையும் அட்டையும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதால் மேகமூட்டமானாலும் ஒப்பீடு பெரிதும் கெடாது. எழுத்தறிவு தேவையில்லை. கை சேறாக இருந்தாலும் அட்டை கோபித்துக்கொள்ளாது, வாய்க்காலில் கழுவிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, பத்து இடங்களில் நின்று பார்ப்பதற்காக விவசாயி வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. நடக்கும்போது இலைச்சுருட்டுப்புழு கண்ணில் படும், தூரில் புகையான் தெரியும், எலி வளை தெரியும். அட்டை கேட்காத கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

அட்டைக்கும் குறைகள் உண்டு. வெயிலில் போட்டு வைத்தால் நிறம் வெளுக்கும். வெளுத்துவிட்டது என்று அது தானாகச் சொல்லாது. மலிவாக அச்சடித்த தாள் அட்டைகளில் நிறம் சரியாக இருக்காது. மணிச்சத்து, துத்தநாகம் ஆகியவற்றின் குறை இருந்தாலும் இலையின் நிறம் மாறும். அட்டையால் அதைப் பிரித்தறிய இயலாது. பச்சையின் சாயல்களைப் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்கள் வேறொருவரைக் கொண்டுதான் பார்க்க வேண்டும்.

செல்போனில் இலையைப் படம் பிடித்துத் தழைச்சத்துத் தேவையைக் கணிக்கும் முறைகளும் வந்துள்ளன. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் செல்போன் கேமரா, படம் அழகாக விழ வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. மஞ்சள் வெயிலானாலும் நீல நிழலானாலும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்று அது தானாகவே நிறத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். கலியாண வீட்டில் இது நல்ல குணம். இலையின் உண்மையான பச்சையை அளக்க வந்த இடத்தில் இதுவே தொல்லை. ஒரே இலை, ஒரே நேரம், இரண்டு செல்போன் என்றால் இரண்டு பச்சை. இதைச் சரிசெய்யும் வழி, நிறம் அறிந்த அட்டை ஒன்றை இலைக்குப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துப் படமெடுப்பதாகும். மீண்டும் அட்டைக்கே வந்து சேர்கிறோம்!

வயல் நடுவில் செல்போனைக் கையாள்வதும் தனிச் சிரமம். தொடுதிரை, விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்வது. திரையில் தண்ணீர்த் துளி பட்டால் அதையும் விரல் என்று எண்ணிக் குழம்பும். சேறு காய்ந்த விரலையோ ரப்பர்க் கையுறை போட்ட விரலையோ கண்டுகொள்ளாது. உச்சி வெயிலில் திரையில் நம் முகம் தெரியுமே தவிர எழுத்து தெரியாது.

ஆனால் செயலி ஒரு வேலையை அட்டையைவிட நன்றாகச் செய்யும். எவ்வளவு இடுவது என்ற கணக்கு அது. அட்டை "இடு" என்று சொல்லுமே தவிர, எத்தனை கிலோ என்று சொல்லாது. ஒவ்வொரு முறையும் குறுவைக்கு எக்டருக்கு 35 கிலோ, சம்பாவுக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆகவே சம்பாவுக்கு எக்டருக்கு சுமார் 65 கிலோ யூரியா. ஏக்கருக்கு 26 கிலோ. குறுவைக்கு ஏக்கருக்கு சுமார் 31 கிலோ. இந்தக் கணக்கை வரப்பில் நின்று மனதில் போடுவது எல்லோருக்கும் எளிதன்று. மண் பரிசோதனை முடிவு, ரகம், முன்பு இட்ட உரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடச் செயலியே ஏற்றது. கண்ணுக்கு அட்டை, கணக்குக்குச் செயலி என்று பிரித்துக்கொள்வது என் கருத்தில் சரியான ஏற்பாடு.

ஏக்கரா, எக்டரா?

கணக்கு என்று வந்ததும் ஓர் எச்சரிக்கை அவசியம். நம் ஊரில் நிலத்தை ஏக்கர், சென்ட் என்று சொல்கிறோம். தஞ்சைப் பகுதியில் மா, குழி என்ற கணக்கும் வழக்கில் உள்ளது. ஆராய்ச்சிப் பரிந்துரைகளோ எக்டர் கணக்கில் உள்ளன. ஒரு எக்டர் என்பது 2.47 ஏக்கர். செயலியின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் "எக்டர்" என்று இருக்க, விவசாயி ஏக்கர் என்று எண்ணி 65 கிலோ யூரியாவை ஒரு ஏக்கருக்கு இட்டுவிட்டால் என்ன ஆகும்? இரண்டரை மடங்கு தழைச்சத்து. பயிர் பார்வைக்குக் கருகருவென்று செழித்து நிற்கும். பின்னர் குலைநோய், இலை உறை கருகல், புகையான் எல்லாம் வரிசையாக வரும். கதிர் முற்றும் தருணத்தில் காற்றடித்தால் பயிர் சாய்ந்துவிடும்.

கைக்கருவியில் இத்தகைய பிழை நேர்வது கடினம். மூட்டை கனக்கும், ஒரு ஏக்கரில் தூவுபவரின் கை, இது வழக்கத்தை விட அதிகம் என்று சொல்லும். செயலி தரும் எண்ணுக்குக் கனம் கிடையாது. எனவே விடையைக் கிலோவில் மட்டுமின்றி, 45 கிலோ மூட்டையில் எத்தனை மூட்டை என்றும் காட்டும் செயலியே சிறந்தது. மூட்டைக் கணக்கைப் பார்த்தவுடன் விவசாயிக்குப் பிழை புலப்பட்டுவிடும்.

பூச்சிமருந்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மி.லி. என்பதும் ஏக்கருக்கு இத்தனை மி.லி. என்பதும் வேறு வேறு. மருந்துப் புட்டியின் லேபிளில் நிற அடையாளம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை குறைந்த நஞ்சு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எச்சரிக்கை சொல்லும் பிடி அது. மருந்தின் பெயரை மட்டும் எழுத்தில் காட்டும் செயலியில் இந்த எச்சரிக்கை விடுபட்டுப் போகிறது. ஆகவே செயலி எந்த மருந்தைச் சொன்னாலும் புட்டியின் லேபிளைப் படித்த பிறகே கலக்க வேண்டும்.

பம்புசெட் தரும் பாடம்

செல்போன் மூலம் மோட்டாரை இயக்கும் கருவிகள் இப்போது பல ஊர்களுக்கும் வந்துவிட்டன. இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பாம்பு, தேளுக்கு அஞ்சி டார்ச் விளக்குடன் கிணற்றடிக்குப் போக வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. இதனை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் பழைய ஸ்டார்ட்டரின் பிடியை ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் உறுமும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். கையும் காதும் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தன. செல்போனில் அழுத்துபவர் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். அவருக்கு "மோட்டார் ஆன்" என்று ஒரு செய்தி வருகிறது. இந்தச் செய்திக்கு மூன்று பொருள்கள் இருக்கக்கூடும். கட்டளை போய்ச் சேர்ந்தது என்பது ஒன்று. மோட்டாருக்குள் மின்சாரம் பாய்கிறது என்பது இரண்டாவது. தண்ணீர் வருகிறது என்பது மூன்றாவது. முதலாவது மட்டும் நடந்து மற்ற இரண்டும் நடக்காமலிருக்கலாம். புட்வால்வு கசிந்தாலோ ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கினாலோ மோட்டார் தண்ணீரின்றி ஓடிக் காயில் எரிந்துவிடும். வாங்குமுன் கடைக்காரரிடம், "ஆன் என்று எதை வைத்துச் சொல்கிறது?" என்று கேளுங்கள். மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை அளந்து சொல்லும் கருவி நல்லது. வெறும் ஓட்டத்தில் மின்சாரம் குறைவதைக் கண்டு தானே நிறுத்திவிடும் கருவி அதைவிட நல்லது.

உயிருக்கு ஆபத்தான விஷயம் இதற்கடுத்து வருகிறது. பழைய ஏற்பாட்டில் ஸ்டார்ட்டரை இயக்குபவர் கிணற்றடியில் நிற்பார். கிணற்றுக்குள் ஆள் இருந்தால் தெரியும். இப்போது அப்பா கிணற்றில் இறங்கிக் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்க, வெளியூரில் உள்ள மகன் மோட்டாரைப் போடக்கூடும். மின்சாரம் வந்தவுடன் தானே ஓடும்படி "ஆட்டோ" நிலையில் விட்டிருந்தால் யாரும் போடாமலே ஓடும். ஸ்டார்ட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியாவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். ஆகவே மோட்டாரிலோ குழாயிலோ கிணற்றிலோ வேலை செய்யுமுன் செல்போனில் "ஆப்" செய்தால் போதும் என்று எண்ணக் கூடாது. மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று பியூஸ் கேரியர்களையும் பிடுங்கி, வேலை செய்பவர் தம் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மடியில் இருக்கும் பியூஸ் கேரியரை எந்தச் செயலியாலும் போட முடியாது.

தண்ணீர் எப்போது கட்டுவது என்பதற்கும் எளிய கைக்கருவி ஒன்று உண்டு. 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் பதித்து, உள்ளேயுள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும், அதற்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் நீர் நிற்க வேண்டும். மேலே பார்த்தால் வயல் காய்ந்தது போலத் தோன்றும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் வேருக்குத் தண்ணீர் இருப்பது தெரியும். மண்ணுக்குள் ஒரு ஜன்னல் வைத்தது போன்ற பிடி இது. இம்முறையில் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும் என்று நெல் ஆராய்ச்சி நிலையம் கணித்துள்ளது. செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழாய் மிகவும் அவசியம். மோட்டாரைப் போடுவது எளிதாகிவிட்டால் தேவையின்றிப் போடுவதும் எளிதாகிவிடும் அல்லவா?

யார் கையில் இருக்கிறது?

களைக்கொத்து வீட்டில் யார் எடுத்தாலும் வேலை செய்யும். செயலி அப்படியன்று. அது ஒருவருடைய செல்போனில், ஒருவருடைய எண்ணில் இருக்கிறது. பல வீடுகளில் வயலில் நிற்பது பெண், செல்போன் இருப்பதோ கணவரின் அல்லது மகனின் சட்டைப் பையில். செயலியின் ஆலோசனை மாலையில்தான் அவருக்குப் போய்ச் சேர்கிறது, அதுவும் நினைவிருந்தால். மேலும், பதிவு செய்யும்போதே சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் கேட்டால் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார். மண்வெட்டி யாரிடமும் பட்டா கேட்டதில்லை. செயலிகளைத் திட்டமிடும் அலுவலர்களும் பொறியாளர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். நாங்கள் பல்கலைக்கழகங்களில் இருந்து கொடுக்கும் பரிந்துரைகளும், வயலில் நிற்பவர் கையில் சேரும் வடிவத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியதே.

எழுத்தறிவு குறைந்தவர்களுக்குக் குரலே நல்ல பிடி. மத்திய அரசின் கிசான் அழைப்பு மையம் 2004-ஆம் ஆண்டு முதல் இவ்வாறு செயல்படுகிறது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். பட்டன் போனே போதும். தமிழிலேயே கேட்கலாம். எதிர்முனையில் இருப்பவர், "எத்தனை நாள் பயிர்? என்ன ரகம்?" என்று திருப்பிக் கேட்பார். தவறான பொத்தானை அழுத்திவிட்டோமோ என்ற கவலை அங்கே இல்லை.

செயலி மட்டுமே செய்யும் வேலை

கைக்கருவி நம் கை எட்டும் தூரத்தை மட்டுமே அறியும். வானத்தில் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் நடப்பதை அது சொல்ல முடியாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 மற்றும் 40 கிலோமீட்டருக்குள் இடி மின்னல் இருந்தால் எச்சரிக்கும். கோடை மழைக் காலத்தில் திறந்த வயலில் வேலை செய்பவர்களுக்கு இது உயிர்காக்கும் கருவி. 2019-இல் வெளியான மேகதூத் செயலியில் மாவட்ட வானிலை முன்னறிவிப்பும், செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் ஆலோசனையும் கிடைக்கின்றன. மருந்து தெளிக்கும் முன் மழைக்கான அறிகுறியைப் பார்த்துக்கொண்டால் ஒரு தெளிப்பின் செலவு மிச்சமாகும். இந்த வேலைகளுக்கு ஈடான கைக்கருவி கிடையாது. நினைவு வைத்துக்கொள்வதிலும் செயலி வல்லது. சென்ற பருவத்தில் எந்த நாளில் எவ்வளவு உரம் இட்டோம் என்பதை அட்டை சொல்லாது.

செயலியில் பிழையாக எழுதினால் அழித்துத் திருத்தலாம் என்பதும் நன்மைதான். ஆனால் அந்தத் திருத்தம் திரையோடு சரி. வயலில் விழுந்த யூரியாவையும் ஆற்றில் கலந்த மருந்தையும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே புதிய செயலி ஒன்றை நம்புமுன் அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வி ஒன்றை அதனிடம் கேளுங்கள். ஒரு ஏக்கர் என்று கொடுத்துப் பாருங்கள்; பின்னர் வேண்டுமென்றே பத்து மடங்காகக் கொடுத்துப் பாருங்கள்; எச்சரிக்கிறதா அல்லது கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். நடவுத் தேதியை அது நாள், மாதம் என்ற வரிசையில் எடுத்துக்கொள்கிறதா, மாதம், நாள் என்று எடுத்துக்கொள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் திறந்து பாருங்கள். வீட்டுத் திண்ணையில் அன்றி, வயல் வரப்பில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள பெண்களிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பருவத்தில் பத்து சென்ட் மட்டும் ஒதுக்கி அதன் சொல்படி செய்து பார்ப்பது உத்தமம்.

சம்பா நடவு முடித்தவர்கள் இலை வண்ண அட்டையை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்திய பின் துடைத்து, உறையிலிட்டு, வெயில் படாத இடத்தில் வைக்கவும். நிறம் வெளுத்த பழைய அட்டையைப் புதியதுடன் வைத்து ஒப்பிட்டு, வேறுபாடு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். அட்டையும், அதனைப் பயன்படுத்தும் செயல்விளக்கமும் பற்றி அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ விசாரிக்கலாம். செல்போன் மூலம் இயங்கும் ஸ்டார்ட்டர்களுக்கான மானிய விபரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியவும்.